யானை தின்னாத சேனை

அன்புள்ள மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இவ்விடம் யாவரும் நலம் என்று எழுதித்தான் கடிதத்தைத் தொடங்க வேண்டும். யாவரும் என்று எழுத இங்கே ஆள் இல்லை. ஆகவே நான் நலம் என்று மட்டும் எழுதுகிறேன். முழங்கால் வலி இருக்கிறது, பசி இருக்கிறது, நித்திரை குறைவு. உன் உம்மா மவுத்தாகி மூன்று வருடமாகியும் ஒருவருக்கு எத்தனை பிடி அரிசி போட வேண்டும் என்று என் கைக்கு இன்னும் பிடிபடவில்லை. தினமும் சோறு மிஞ்சுகிறது. வீட்டு வளவுக்கு வரும் காகங்கள் என்னோடு நல்ல பழக்கமாகிவிட்டன. நேற்றுப் பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து பானையை இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் தபால்காரர் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். கரி பட்ட கையைச் சாரனில் துடைத்துக்கொண்டு உன் கடிதத்தை வாங்கினேன். சரியாகத் துடைக்கவில்லை போலிருக்கிறது, உறையின் மூலையில் என் பெருவிரல் அடையாளம் விழுந்துவிட்டது.

நீ எழுதியிருப்பதை உனக்கே திருப்பிச் சொல்கிறேன். நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று நீ பார்த்துக்கொள். அரசாங்கம் புதுக் குளத்துக்குக் கீழே கொலனியில் உனக்குக் கொடுத்த காணிக்குள் இரண்டு நாள் தொடர்ந்து யானை வந்திருக்கிறது. மேட்டில் நீ வைத்த வாழையும் மரவள்ளியும் போயின. தென்னங்கன்றுகளைப் பிடுங்கிக் குருத்தைத் தின்றுவிட்டு மட்டையை எறிந்துவிட்டுப் போயிருக்கிறது. மனைவியும் பிள்ளையும் அட்டாளைச்சேனையில் மாமி வீட்டில் இருக்க, நீ அங்கே தனியாக இருக்கிறாய். மாரி தொடங்கியும் விதைக்காதவனின் காணி வேறு ஆளுக்குப் போகும் என்று அதிகாரி சொல்லிவிட்டார். அவர் எடுப்பதற்கு முன்னால் இந்த மாதக் கடைசியில் நீயே திருப்பிக் கொடுத்துவிட்டு, கல்முனையில் ஒரு புடைவைக் கடையில் வேலைக்கு நிற்கப் போகிறாய். கடைசியில் இப்படி எழுதியிருக்கிறாய்: "வாப்பா, உங்களாலேயே முடியாத காரியம் என்னால் எப்படி முடியும்? நமக்கும் யானைக்கும் ஆகாது."

இதை மூன்று தடவை வாசித்தேன். முதல் தடவை வாசித்தபோது சந்தோஷப்பட்டேன். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. கல்முனைக் கடையில் வேலை என்றால் மாலையில் அஸருக்குப் பிறகு எப்போதாவது இந்தப் பக்கம் வருவாய். தேத்தண்ணீர் குடித்த கோப்பை ஒன்றுக்கு இரண்டாகக் கழுவக் கிடக்கும். அவ்வளவுதான் என் சந்தோஷம். இரண்டாம் தடவை வாசித்தபோது அந்தக் கடைசி வரியைத் தாண்ட முடியவில்லை. மூன்றாம் தடவை எனக்கு வெட்கமாக இருந்தது. ஏன் வெட்கம் என்று இந்தக் கடிதம் முடிவதற்குள் சொல்கிறேன். அதற்கு முதல் காணியைப் பற்றிக் கதைப்போம். அது எனக்கு லேசான விஷயம்.

தென்னங்கன்று என் பிழை. நான்தான் நம் வளவுத் தேங்காயில் முளைத்த கன்றுகளைச் சாக்கில் சுற்றி உன்னிடம் தந்தேன். கடற்கரை மணலில் பிறந்தவனுக்குத் தென்னை நிற்காத வளவு வளவாகத் தெரியாது. காட்டோரத்தில் இளந்தென்னை வைப்பது யானைக்கு ஆள் அனுப்பி விருந்துக்குக் கூப்பிடுகிற மாதிரி என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் தந்தேன். உன் வாசலில் நம் வளவு மரம் ஒன்று நிற்க வேண்டும் என்று ஆசை. அந்த வாசனைக்கு யானை வந்தது, பக்கத்தில் வாழையையும் கண்டது, மரவள்ளியையும் கண்டது. இனி ஐந்தாறு வருடத்துக்குத் தென்னையை மறந்துவிடு. காடு இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகட்டும், பிறகு வீட்டு முற்றத்தில் ஒன்றிரண்டு வைக்கலாம். இப்போதைக்குத் தேசிக்கன்று இரண்டு அனுப்புகிறேன். முள்ளும் எலுமிச்சை மணமும் உள்ள மரம், யானை அதை நாடி வருவதில்லை.

மேட்டுக்காணியில் எதை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. காடு பார்த்த பக்கத்தில் எள் போடு. அகலமாகப் போடு, நாலு முழம் ஐந்து முழம் என்று கருமித்தனம் பண்ணாதே. அதற்கு உள்ளே மிளகாய். இரண்டையும் யானை தின்னாது. சோளனும் பூசணியும் வீட்டுக்குக் கிட்ட, கண் பார்வையில் இருக்கட்டும். மரவள்ளியை விட மாட்டேன் என்றால் கிணற்றடியில் நாலு தடி நட்டுக்கொள். இன்னொன்று, யானைக்குப் பாதை உண்டு. நம்மைப் போல அது நினைத்த இடத்தால் நடக்காது. அதன் தாயும் தாயின் தாயும் நடந்த தடத்தில்தான் நடக்கும். வெயில் ஏறிய பிறகு அடுத்த காணி அப்புஹாமியையும் கூட்டிக்கொண்டு எல்லையைச் சுற்றிப் பார். லத்தி கிடக்கும், மரத்தில் சேறு பூசியிருக்கும், உரசி உரசிப் பட்டை வழுவழுவென்று இருக்கும். அந்தத் தடம் உன் காணியின் மூலையால் போனால் அந்த மூலையை விட்டுக்கொடு. வேலி போடாதே, குடிசை போடாதே. மூலையைக் கொடுத்தால் நடுவை விடும். மூலையை மறித்தால் எல்லாவற்றையும் மிதித்துக்கொண்டு போகும்.

வாய்க்கால் கரையில் மருதமரம் நிற்பதாகவும் அதை வெட்டினால் இன்னும் கொஞ்சம் நிலம் கிடைக்கும் என்றும் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். வெட்டாதே. கரையைப் பிடித்து வைத்திருப்பது அதன் வேர்தான். மரம் போனால் முதல் மாரியிலேயே கரை உடைந்து மணல் உன் வயலுக்குள் வரும், பிறகு மணலை அள்ளிக்கொண்டிருப்பாய். பாலைமரம் நின்றால் அதையும் விடு, ஆனால் பழக்காலத்தில் விடியற்காலையில் தனியாக அதன் கீழே போகாதே. பாலைப்பழத்துக்குக் கரடி வரும். யானையாவது மனிதனைக் கண்டால் யோசிக்கும், கரடி யோசிக்காது. வரப்பில் சாரைப்பாம்பைக் கண்டால் தடியெடுக்காமல் வழி விடு. எலியைப் பிடிக்க அதைவிட நல்ல ஆள் உனக்குக் கிடையாது. விஷமுள்ள புடையன் வேறு, அது ஓடாது, சருகுக்குள் சும்மா கிடக்கும், கால் படும் வரைக்கும் தெரியாது. வயலுக்கு நடுவே தடி நட்டுக் குறுக்கே ஒரு கம்பு கட்டிவிடு, ஆந்தை வந்து குந்தும். ஆந்தை குந்தினால் ஆகாது என்று நம் ஆட்கள் சொல்வார்கள். எலிக்குத்தான் ஆகாது. வெட்டிய நெல்லைக் கட்டும்போது சாக்குக்கு இடையில் நொச்சி இலையும் வேப்பிலையும் காயவைத்துப் போடு, பூச்சி அண்டாது.

கயிறு தட்டினால் தானே வெடிக்கும் கட்டுத்துவக்கு வைக்கலாம் என்று யாரோ உனக்குச் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம் மகன். கயிற்றில் கால் படுவது பன்றியா, மாடு தேடி வந்த மனிதனா என்று துவக்குக்குத் தெரியாது. பன்றிக்கு வழி, அகழி வெட்டி உள்பக்கம் முள் அடுக்குவதுதான். பன்றி என்றதும் ஒரு கதை ஞாபகம் வருகிறது. நீ அப்போது கல்முனையில் படித்துக்கொண்டிருந்தாய், உன்னிடம் சொன்னேனோ தெரியாது. சம்மாந்துறைக்கு அப்பால் நாங்கள் வெள்ளாமை செய்த வயலில் ஒரு பெரிய ஆண் பன்றி எங்கோ வெடி பட்டு வந்து விழுந்து செத்துவிட்டது. நன்றாகக் கதிர் சாய்ந்திருந்த இடத்தின் நடுவில். நாங்கள் ஐந்து பேர் வரப்பில் நிற்கிறோம், தொட ஒருவரும் இல்லை. அது எங்கள் நெல்லை வயிறு முட்டத் தொட்டிருக்கிறது, நாங்கள் அதைத் தொட மாட்டோம். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு காலையிலிருந்து லுஹர் வரைக்கும் நின்று யோசித்தோம். கம்பால் தள்ளலாமா, கயிறு போட்டு மாட்டைக்கொண்டு இழுக்கலாமா, கயிறு பிறகு எதற்கு உதவும், மாடு பிறகு எதற்கு உதவும் என்றெல்லாம் மார்க்கச் சட்டம் படித்தவர்கள் மாதிரி மசலா பேசினோம். கடைசியில், என்னை அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடும் பக்கத்து வயல் கந்தப்பன் தற்செயலாக அந்தப் பக்கம் வந்தார். பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"இதுக்கா காக்கா இவ்வளவு நேரம் நிண்டீங்க? ஒரு சத்தம் போட்டிருந்தா காலையிலயே வந்திருப்பனே" என்றார். போய் இரண்டு தம்பிமாரைக் கூட்டிவந்து தடியில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் வீட்டில் அன்று பெருநாள். அதற்குப் பிறகு அவர் வயலுக்குப் போகும் தண்ணீரை நாங்கள் மறித்ததில்லை, எங்கள் வயலில் மாடு இறங்கினால் அவர் கல்லெறிந்து விரட்டாமல் போனதில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்றால், உன் அடுத்த காணிக்காரர் அப்புஹாமியைப் பற்றி நீ ஒரு வரிதான் எழுதியிருக்கிறாய், பாஷை தெரியாத மனுஷன் என்று. உனக்கும் அவர் பாஷை தெரியாதே. அவர் மலைப்பக்கத்திலிருந்து வந்த சிங்களவர், கடலை அறியாதவர். நான் அனுப்பும் கருவாட்டில் பாதியை அவருக்குக் கொடு. ஒரு நாள் நீ காவல், ஒரு நாள் அவர் காவல் என்று முறை வைத்துக்கொள். கருவாட்டைச் சுட்டுத் தின்ன ஒரு பாஷையும் வேண்டாம்.

சரி, லேசான விஷயங்கள் முடிந்துவிட்டன. இனி வெட்கத்துக்கு வருகிறேன்.

நீ பிறப்பதற்கு முந்திய வருடம் நான் காட்டில் சேனை வெட்டிய கதையை நீ பாலோடு குடித்திருக்கிறாய். நானும் இரண்டு கூட்டாளிகளும் காட்டை வெட்டி எரித்து, சோளனும் இறுங்கும் எள்ளும் போட்டோம். ஒருவனுக்குக் காய்ச்சல், மற்றவனுக்குக் கலியாணம், இரண்டு பேரும் ஊருக்கு வந்துவிட்டார்கள். நான் ஒருவனாக மரத்தில் பரண் கட்டிக் காவல் இருந்தேன். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கும்போது யானைக் கூட்டம் வந்து ஒரு தண்டு மிச்சமில்லாமல் தின்றுவிட்டது, நான் உயிரோடு தப்பியதே அல்லாஹ்வின் கிருபை. இப்படித்தான் நான் சொன்னேன். ஊரும் அப்படித்தான் சொன்னது. எத்தனை பெருநாளில் எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருப்பேன். நீ என் மடியில் இருந்துகொண்டு, "இன்னொருக்காச் சொல்லுங்க வாப்பா, யானை எப்படிக் கத்தின?" என்று கேட்பாய். நான் தும்பிக்கையாகக் கையைத் தூக்கிக் கத்திக் காட்டுவேன். உன் பயத்துக்கு விதை நான் போட்டது.

யானை என் சேனையைத் தின்னவில்லை. வந்தது உண்மை. ஒரு தனி யானை, பொழுதுபடும் மஃரிப் நேரத்தில் காட்டோரம் வந்து நின்றது. நான் தகரப்பேணியைத் தட்டினேன். காதை ஆட்டியது, கொஞ்சம் சோளனை முறித்தது, போய்விட்டது. அவ்வளவுதான். என்னைத் துரத்தியது யானை அல்ல. அந்தக் காட்டில் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேட்காது. கடல் இரைச்சல் கேட்காது. பிறந்ததிலிருந்து இந்த இரண்டும் கேட்காமல் நான் ஒரு நாளும் கண் விழித்ததில்லை. முதல் சில நாள் என் சத்தத்தையாவது கேட்போம் என்று பாட்டுப் படித்தேன். பிறகு பாட்டு நின்றுவிட்டது. கிளிகளை ஏசினேன். பிறகு ஏசுவதும் நின்றுவிட்டது. ஒரு நாள் காலையில் எழும்பி இன்று வெள்ளிக்கிழமை என்று குளித்தேன். ஜும்ஆத் தொழுகைக்குப் போகலாம், நாலு முகத்தைப் பார்க்கலாம் என்று எண்ணம். வெறுங்கையோடு போக மனம் வராமல், பள்ளிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க நல்ல சோளன் குலையாகப் பார்த்து ஒரு சாக்கு நிறைய முறித்துக்கொண்டு சம்மாந்துறைக்கு நடந்தேன்.

பள்ளியில் ஒருவரும் இல்லை. பாங்கு சொல்லும் மோதினார் மட்டும் பாய் தட்டிக்கொண்டிருந்தார். "ஜும்ஆவுக்கு ஒருத்தரும் வரல்லியா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எங்கயிருந்து வாறீங்க தம்பி? நேத்துத்தானே ஜும்ஆ. இண்டைக்குச் சனிக்கிழமை" என்றார். ஹவுளுத் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, வுளூச் செய்கிற மாதிரி முகத்தில் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றிக்கொண்டு அழுதேன். ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தெரியாமல் என்னைத் தாண்டிப் போய்விட்டது. இனி ஒரு நாளைக்கு நானும் இப்படி ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுவேன் என்று பயம் பிடித்தது. எழும்பிப் பள்ளி வாசலில் நின்றேன். மேற்கே போனால் சேனை, கிழக்கே போனால் வீடு. கிழக்கே நடந்தேன்.

வீட்டு வாசலுக்கு வரும்போதுதான் இதற்கு ஒரு காரணம் சொல்ல வேண்டுமே என்று ஞாபகம் வந்தது. உன் உம்மா கதவைத் திறந்ததும், "யானை எல்லாத்தையும் அழிச்சிட்டு" என்று சொல்லிவிட்டேன். அவள் என் தோளிலிருந்த சாக்கை இறக்கினாள். அவிழ்த்துப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லாத சோளன், பால் முற்றி, மணி மணியாக. அன்று மாலை அதை அவித்து எனக்கும் வைத்துத் தானும் எடுத்துக்கொண்டாள். பாதி தின்ற பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "யானை நல்ல யானதான். நமக்கும் ஒரு பங்கு வெச்சிட்டுத்தான் போயிரிக்கி." அவ்வளவுதான். அதற்குப் பிறகு கண்ணை மூடும் வரைக்கும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பெருநாளுக்குப் பெருநாள் யானைக் கதை சொல்லும்போதெல்லாம் குசினிக்குள் போய் ஏதாவது சட்டியை உருட்டுவாள். நான் எதற்கு ஓடி வந்தேன் என்று அவள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்காமல் விட்டது அவள் செய்த மரியாதை என்று அப்போது நினைத்தேன். கேட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து மனம் பொறுக்காமல் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். சோளன் தண்டுகள் அப்படியே நின்றன. மணியெல்லாம் கிளி கொத்திப் போயிருந்தது. இறுங்கைக் குருவியும் மானும் தின்றிருந்தன. யானை பிறகு வந்து ஒரு ஓரத்தால் நடந்து போன அடையாளம் மட்டும் இருந்தது, காட்டோரத்து எள்ளைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. எள் காய்ந்து வெடித்து மண்ணில் சிந்திக் கிடந்தது, அள்ள ஆளில்லாமல். மேலே எள்ளைப் பற்றியும் யானைப் பாதையைப் பற்றியும் பெரிய ஆள் மாதிரி எழுதினேனே, அதையெல்லாம் நான் படித்தது அன்றைக்குத்தான், நான் விட்டுவிட்டு ஓடிய காணியில் நின்று. பத்து நாள் பொறுத்திருந்தால் போதும். அதற்குப் பிறகு எனக்குச் சொந்தமாக ஒரு காணி அமையவேயில்லை. கடைசி வரைக்கும் அடுத்தவர் வயலில்தான் வெள்ளாமை செய்தேன். அது உனக்குத் தெரியும்.

ஆகவே மகன், உங்களாலேயே முடியாத காரியம் என்று இனி எழுதாதே. யானையோடு மோதி நான் தோற்கவில்லை. உன் கடிதத்தில் யானையைப் பற்றி ஏழு வரி இருக்கிறது. ஆனால் ஓரிடத்தில், பொழுதுபட்டால் கதைக்க ஆளில்லை என்று ஒரு வரி எழுதி, பிறகு அதை வெட்டியிருக்கிறாய். வெட்டினாலும் வெளிச்சத்தில் பிடித்தால் வாசிக்கலாம். நான் பிடித்து வாசித்தேன். நாள் பிசகாமல் இருக்க ஒரு பேணியில் ஏழு கல் போட்டு வை. விடியலில் சுபஹு தொழுததும் ஒன்றை எடுத்து மற்றப் பேணியில் போடு. வெள்ளிக்கிழமை எங்கே இருந்தாலும் பள்ளிக்குப் போ, எவ்வளவு தூரமானாலும் போ, நாலு பேரிடம் சலாம் சொல்லிவிட்டு வா. காணியைத் திருப்பிக் கொடுக்காதே. எனக்காக வருகிறேன் என்று ஒரு எண்ணம் உனக்கு இருந்தால் அதையும் விட்டுவிடு. எள் விதை ஒரு படி, மிளகாய் விதை, பயற்றை, வெண்டி, உன் உம்மா வைத்த பூசணியின் விதை, எல்லாம் சாம்பல் போட்டுத் தனித்தனியாக முடிந்திருக்கிறேன். அடுத்த கிழமை நம் ஊர் லொறிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நம் ஊர் வழமை உனக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் இந்த வீட்டுக்கு வந்தேன். இது உன் உம்மாவின் வீடு. மகள் இருந்திருந்தால் அவளோடும் பேரப்பிள்ளைகளோடும் ஒரு மூலையில் இருந்திருப்பேன். எங்களுக்கு நீ ஒருவன்தான். போன வருடம் அட்டாளைச்சேனைக்கு வந்து மூன்று நாள் இருந்தேனே, உன் மாமி வீட்டில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பாட்டில் ஒரு கை கூடுதலாகத்தான் வைத்தார்கள். மூன்றாம் நாள் என் சாரனைத் துவைக்கக் கிணற்றடிக்குப் போனேன். மாமி பதறிப்போய், "காக்கா, இதென்ன வேலை, எங்களுக்குத்தான் வெக்கம்" என்று பிடுங்கிக்கொண்டார். அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன். முழங்கால் வலி என்று சொன்னேன். விருந்தாளியாக ஒரு மனிதன் எத்தனை நாள் இருப்பான்?

ஆனால் கொலனிக் காணி உன் பெயரில் இருக்கிறது. அந்த வீடும் உன் பெயரில். அது மாமி வீடு இல்லை. நம் குடும்பத்தில் ஒரு ஆண் தன் பெயரில் வீடு வைத்திருப்பது இதுதான் முதல் தடவை. நேற்றுக் கடிதத்தை மடித்து வைத்த பிறகுதான் இது எனக்குத் தட்டியது. அதிலிருந்து வளவைக் கூட்டவும் இல்லை, காகத்துக்குச் சோறு வைக்கவும் இல்லை, இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்கு ஏர் பிடிக்க இனி முடியாது. தகரம் தட்ட முடியும். கிளி விரட்ட முடியும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும் காலத்தில் பிள்ளைக்கு யானைக் கதை சொல்ல முடியும், இந்த முறை நடந்ததைச் சொல்வேன்.

பரண் கட்டும் விதத்தை எழுதுகிறேன், கவனமாக வாசி. வீரை மரம் நிற்கிறதா என்று பார். அடி பருத்து, கிளை நாலு பக்கமும் பிரிந்திருக்க வேண்டும். யானை தும்பிக்கையை நீட்டினாலும் எட்டாத உயரம். ஆணி அடிக்காதே, காற்றுக்கு மரம் ஆடும்போது ஆணி கழலும். காட்டுக்கொடியால் இறுக்கிக் கட்டு. கூரைக்கு இலுக்குப் புல், மேற்குப் பக்கம் சாய்த்து வேய். ஏறிய பிறகு ஏணியை மேலே இழுத்துக்கொள்ளலாம், ஆனால் ஏணிப்படியை நெருக்கமாக வை, முழங்கால் மடிக்க முடியாதவர்களும் ஏறும்படி. எல்லாரும் பரணை ஒருவர் படுக்கும் அகலத்துக்குத்தான் கட்டுவார்கள். நானும் அப்படித்தான் கட்டினேன். நீ இரண்டு பேருக்குக் கட்டு. வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் ஒருவர் அளவிலேயே கட்டிக்கொள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன் என்று எழுத வந்தேன். நினைப்பேன், மகன். பொய் எழுதிப் பழகியது போதும்.

ஓம், வாங்க வாப்பா என்று ஒரு வரி எழுதிப் போடு. எழுதினால் மாரிக்கு முன்னால் வந்துவிடுகிறேன். பேணியும் கல்லும் நான் கொண்டு வருகிறேன், வெள்ளிக்கிழமையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் வாப்பா